அப்பா செருப்பைக் கழற்றிய இடம்

எங்கள் அப்பா மில் வாசலில் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டவர். சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்ததற்காக மூன்று நாள் சஸ்பெண்ட் ஆனவர். அந்த சஸ்பெண்ட் கடிதத்தை அவர் கிழித்துப் போடவில்லை. டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில் மடித்து வைத்திருந்தார். வீட்டுக்கு யாராவது ஊர்க்காரர் வந்தால் எடுத்துக் காட்டுவார்.

அதே அப்பா மாதம் பிறந்ததும் ஹவுசிங் போர்டு ஆபீசுக்கு வாடகை கட்டப் போவார். என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போவார். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிடுவார். கழற்றச் சொல்லி அங்கே யாரும் சொன்னதில்லை, எழுதியும் வைக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா அப்பாவைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். "சாஹேப்" என்று கூப்பிடுவார் அப்பா. குரல் பாதியாகக் குறைந்திருக்கும். குமாஸ்தா ரசீதை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். வெளியே வந்து செருப்பை மாட்டியதும்தான் அவருக்குப் பழைய குரல் திரும்பும்.

சேட்டிடம் சண்டை, சர்க்காரிடம் பயம். எழுபதுகளின் கடைசியில் திலக் நகரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன.

செம்பூரின் மேற்கு ஓரத்தில், ஹார்பர் லைனில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் இருக்கிறது திலக் நகர். ஹவுசிங் போர்டு சம்பளக்காரர்களுக்காகக் கட்டிய மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள் அப்போது வரிசையாக நின்றன. தண்டவாளத்தை ஒட்டியும் பி.எல். லோக்கண்டே மார்க் பக்கமும் குடிசைகள். கட்டடத்தில் இருந்தவர்களும் குடிசையில் இருந்தவர்களும் பாதிப் பேர் ஒரே ஊர்ப் பக்கத்து ஆட்கள், திருநெல்வேலி, தூத்துக்குடி. எங்களுக்குக் கட்டடத்தில் ஒரு ரூம். அம்மாவின் தம்பிக்குத் தண்டவாளத்து ஓரம் ஒரு குடிசை. மாமா எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை, அதற்காகக் கவலைப்பட்டதும் இல்லை. "இந்த சேட் இல்லைன்னா இன்னொரு சேட்" என்பார். ஆனால் முனிசிபாலிட்டி லாரி என்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார். தெருமுனையில் ஏதாவது ஒரு பையன் "காடி ஆயா" (வண்டி வந்தாச்சு) என்று கத்தினால் போதும், மாமி அடுப்பில் இருக்கும் பானையைக்கூட இறக்காமல் முதலில் அந்த போட்டோ பாஸைத் தேடுவாள். 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்த பாஸ் அது. அதை பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். முருகனுக்குக் காட்டும் கற்பூரம் அதற்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அதே 1976 மே மாதம், எமர்ஜென்சி நேரம், மான்குர்து பக்கம் அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை இடித்தார்கள். சுமார் 70,000 பேர். தமிழர்கள் ஏராளம். அவர்களைக் கொண்டுபோய் விட்ட சதுப்பு நிலம்தான் இன்றைய சீத்தா கேம்ப். அந்தக் காலனியைக் காப்பாற்ற வருடக்கணக்கில் போராடியவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். காலனியில் குப்பை அள்ளாத முனிசிபாலிட்டிக்குப் பாடம் புகட்ட, பிள்ளைகளைத் திரட்டி அந்தக் குப்பையை முனிசிபல் ஆபீஸ் வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்ட வைத்தவர். குடிசைவாசிகளின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கி, பின்னாளில் 2000இல் மகசேசே விருது வரைக்கும் போனார். காலனியை மட்டும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் பக்கத்துக் குடிசைகளில் 'மேலிடத்துக்கு எழுதிப் போடலாம்' என்று யாராவது ஆரம்பித்தால், "ஜனதா காலனிக்காரன் எழுதாததையா நீ எழுதப் போறே?" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

அடுத்த அடி 1981 ஜூலை. முதலமைச்சர் அந்துலே நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். கொட்டும் மழையில் இடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 'ஓல்கா டெல்லிஸ் வழக்கு' என்று சட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். மனுப் போட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். பெயர் தீர்ப்பிலேயே இருக்கிறது, இங்கே வேண்டாம். ஊரில் நிலமில்லாத கூலி. பஞ்சத்தில் வேலை போய் 1961இல் பம்பாய் வந்தவர். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். மேற்கு நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் தார்ப்பாயும் போட்ட ஒரு கூரைக்கு உள்ளூர் தாதா ஒருவனுக்கு 2,500 ரூபாய் அழுதிருக்கிறார். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். ஜூலை 23 அன்று இடித்து, குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார், மறுபடியும் ஒரு நடைபாதைக்கு.

1985 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பிழைக்கும் உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம், ஆனாலும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்று. முதல் பாதியை வக்கீல்கள் கொண்டாடினார்கள், இரண்டாம் பாதியை முனிசிபாலிட்டி எடுத்துக்கொண்டது. எனக்கு இந்த வழக்கில் வேறொரு விஷயம் உறுத்தும். 23 ரூபாய் கொடுத்த கம்பெனியை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. அந்தக் கூலியில் இந்த ஊரில் ஒரு ரூம் எடுக்க முடியாது என்பது கொடுத்தவனுக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அவர் நடைபாதைக்கு வந்ததில் அந்தச் சம்பளத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் கடப்பாரையோடு வந்து நின்றது முனிசிபாலிட்டி. ஆக மக்கள் மனதில் எதிரி சர்க்கார், கம்பெனி படியளக்கிறவன்.

அப்பாவுக்கு சேட்டைத் திட்டும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். முதல் காரணம், சேட் கண்ணுக்குத் தெரிந்தான். கார் எத்தனை மணிக்கு வரும், எந்த கேட்டில் நுழையும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, வேலை போனால் இன்னொன்று கிடைக்கும், பதலியாகவாவது, அதாவது லீவு போட்டவனுக்கு மாற்றாக, நிற்கலாம். ரூம் போனால் கிடைக்காது. பம்பாயில் யார் எதைப் பிடுங்க முடியும் என்பதைப் பொறுத்துத்தான் மரியாதை.

பேட்டைக்குப் பெயர் கொடுத்தவருக்கே இதில் ஒரு கதை இருக்கிறது. 1908 ஜூலை 22 அன்று திலகருக்கு ஆறு வருஷம் தண்டனை என்று தீர்ப்பு வந்ததும் பம்பாய் மில் தொழிலாளிகள் ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை, வருஷத்துக்கு ஒரு நாள் கணக்கு. மில்கள் பெரும்பாலும் இந்திய முதலாளிகளுடையவை, கோபம் வெள்ளைக்கார சர்க்கார் மேல். அதே ஆண்டு பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்லில் நடந்தது வேறு மாதிரி. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நிற்க, தொழிலாளிகள் கூலிக்கும் வாராந்திர லீவுக்கும் வெள்ளைக்கார முதலாளி ஹார்வியை எதிர்த்து நின்று ஜெயித்தார்கள். வ.உ.சி.யைக் கைது செய்ததும் மார்ச் 13இல் திருநெல்வேலி கொந்தளித்தது. "ஹார்வி துரையையே பணிய வச்ச ஊர்லே நம்ம ஊரு" என்று அப்பா சொல்லும்போது, வெறும் ஒன்பது நாளில் ஜெயித்த அந்த ஸ்டிரைக்கின் கணக்கை 1982 ஸ்டிரைக்குக்கும் போட்டு வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

1982 ஜனவரி 18. தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். அப்பாவின் மில்லும் நின்றது. ஹோலி போயிற்று, கணபதி போயிற்று, தீபாவளியும் போயிற்று. அம்மா இட்லி சுட்டு ஸ்டேஷன் வாசலில் விற்றாள். அப்போதுதான் அவளும் 'காடி ஆயா' கூட்டத்தில் சேர்ந்தாள், அலுமினியப் பாத்திரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓட. ஆகஸ்ட் 18 அன்று பம்பாய் போலீஸ்காரர்களே கலகம் செய்தார்கள். தங்கள் சங்கத்தைக் கலைத்ததற்காக. மில் தொழிலாளிகளும் அவர்களோடு தெருவில் இறங்கினார்கள். லத்தி பிடித்தவனும் சம்பளக்காரன்தான் என்று அப்பாவுக்கு அன்றைக்கு ஒரு நாள் தெரிந்தது.

ஸ்டிரைக்கை உடைத்தது சேட் மட்டுமல்ல. 1946ஆம் வருஷத்துப் பம்பாய் தொழிலுறவுச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற ஒரே சங்கத்தோடுதான் பேச முடியும். அந்தச் சங்கம் சாமந்துடையது அல்ல. ஆக இரண்டரை லட்சம் பேர் யாரைத் தலைவர் என்றார்களோ, அவரோடு பேசச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அந்த ஸ்டிரைக் இன்றுவரை முறைப்படி வாபஸ் ஆகவில்லை, ஆனால் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. பக்கத்தில் சுன்னாபட்டியில், ஜாம்ஷெட்ஜி டாடா 1886இல் வாங்கி 'சுதேசி' என்று பெயர் வைத்த மில்கூட 2000இல் மூடியது. அப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காண்ட்ராக்டரிடம் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். கேட்டுக்கு உள்ளே நின்று கோஷம் கேட்கும் வேலை. கேட்டுக்கு வெளியே கோஷம் போட ஆளில்லாத காலம்.

தமிழனுக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 1966இல் சிவசேனா பிறந்தபோது, 'மார்மிக்' பத்திரிகையில் கம்பெனி ஆபீசர்களின் பெயர்ப் பட்டியல் வரும். டெலிபோன் டைரக்டரியிலிருந்து எடுத்த தென்னிந்தியப் பெயர்கள். மாதுங்காவிலும் செம்பூரிலும் இருந்த ஸ்டெனோ-டைப்பிஸ்ட் குடும்பங்கள் அதை ஒளித்து வைத்துப் படித்தன. அந்த நாளில் முதலாளிதான் பாதுகாப்பு. 'இங்கிலீஷ் டிராஃப்ட் எழுத ஆள் வேண்டும்' என்று அவன் சொன்னால் வேலை நிலைக்கும். சேட்டை நம்பிய தமிழன், சேட்டை எதிர்த்த தமிழன், இருவருமே எங்கள் கட்டடத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். அவர்களுக்குள் பேச்சு குறைவு.

இவ்வளவையும் ஒருவர் முன்பே யோசித்து எழுதி வைத்திருக்கிறார். அம்பேத்கர். 1938இல் காங்கிரஸ் அரசு பம்பாயில் ஸ்டிரைக்கைக் கட்டுப்படுத்த மசோதா கொண்டுவந்தபோது, நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒரு நாள் வேலை நிறுத்தம் நடத்தினார். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் ஒரு கேள்வி கேட்கிறார். அரசு தலையிடாத இடத்தில் சுதந்திரம் இருக்கிறது என்கிறார்களே, அது யாருடைய சுதந்திரம் என்று. வாடகையை ஏற்ற நிலக்காரனுக்கு, வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிக்கு. அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவது என்றால் தனி முதலாளியின் சர்வாதிகாரத்தில் விழுவது என்பது அவர் வாதம். எழுபது வருஷம் கழித்து அமெரிக்காவில் எலிசபெத் ஆண்டர்சன் என்ற தத்துவப் பேராசிரியர், கம்பெனியும் ஒரு அரசாங்கம்தான், ஓட்டுப் போட முடியாத அரசாங்கம், என்ற கருத்தில் எழுதிய ஒரு புத்தகம் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. அம்பேத்கர் நினைவிடமான சைத்யபூமிக்குப் போய் வருகிற எங்கள் பக்கத்து வீட்டு ஆட்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

இப்போது திலக் நகருக்கு வாருங்கள். போர்டு கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு இருபது மாடிக்கு மேல் எழுந்துவிட்டன. இடித்தது சர்க்கார் அல்ல, பில்டர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நாங்கள்தான். வாடகை ஜன்னல் இல்லை, ரூம் சொந்தம். எங்கள் பயம் இடம் மாறியதற்குக் காரணம் தேடுகிறவர்கள் அரசியல் சித்தாந்தத்தையெல்லாம் கிளற வேண்டாம். சர்க்கார் பிடுங்குவதற்கு இப்போது எங்களிடம் எதுவும் பாக்கி இல்லை. கம்பெனி பிடுங்குவதற்கு இருக்கிறது. இஎம்ஐ.

ஆகவே சர்க்காரைத் திட்டுகிறோம், தாராளமாக. சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் காலையில் 'குட் மார்னிங்' பூவுக்கு அடுத்தபடி முனிசிபல் கமிஷனர்தான். குழி விழுந்த ரோட்டைப் படம் பிடித்து, தேதியோடு, மந்திரியின் பெயரையும் கோத்துப் போடுகிறார்கள். தகவல் உரிமைச் சட்டம் நாட்டுக்கே 2005இல் வந்தது, மகாராஷ்டிரத்தில் அதற்கும் மூன்று வருஷம் முன்பே. பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேள்வி கேட்டால் பதில் வந்தாக வேண்டும். எங்கள் கட்டடத்தில் ரிடையர்டு ஆன ஒருவருக்கு இதுவே பொழுதுபோக்கு. அப்பா இருந்திருந்தால் அந்த மனுஷனை யாரோ என்று பார்த்திருப்பார்.

அதே கட்டடத்துப் பிள்ளைகள் கம்பெனியைப் பற்றி எழுதுவதைப் பார்க்க முடியாது. என் அண்ணன் மகள் ஐடி கம்பெனியில் ஏழு வருஷம். ஒரு வீடியோ காலில், பன்னிரண்டு நிமிஷத்தில், அவளையும் இன்னும் பலரையும் அனுப்பிவிட்டார்கள். லேப்டாப்பை வாங்க வந்த கூரியர் பையன்தான் அவள் பார்த்த கடைசிக் கம்பெனி ஆள். "யாருட்டயும் சொல்லிடாதீங்க சித்தப்பா" என்றாள். நன்றி சொல்லி லிங்க்ட்இன்னில் ஒரு பதிவும் போட்டாள், படத்தோடு. சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தவரின் பேத்தி. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சட்டை போட்ட ஆள் யாராவது எதிரில் வந்திருந்தால்தானே?

வீட்டு வேலை செய்கிற அக்காக்களுக்கும் இதே கதி. முன்பெல்லாம் மேடமோடு வாசலில் நின்று சண்டை போடுவார்கள், அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கும், இரண்டு நாளில் சமாதானம் ஆகும். இப்போது கேட்டில் ஒரு ஆப். எத்தனை மணிக்கு உள்ளே வந்தாள், எத்தனை ஸ்டார் என்று டவர் முழுக்கத் தெரியும். "மூணு ஸ்டார் போட்டது எந்த வீடுன்னே தெரியலை, யாருட்ட போய்க் கேக்க?" என்றாள் ஒரு அக்கா.

சர்க்காரும் சும்மா இல்லை, அதுவும் முதலாளியின் வேஷத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. குப்பை அள்ளும் தொழிலாளிகளைக் காண்ட்ராக்டில் வைத்துக்கொண்டு 'எங்கள் ஆளே இல்லை' என்று மும்பை மாநகராட்சி வருஷக்கணக்கில் வழக்காடியது. 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் 2,700 பேருக்கு நிரந்தர வேலை. தாராவியிலோ எது சர்க்கார், எது கம்பெனி என்றே பிரிக்க முடியவில்லை. மறுசீரமைப்புத் திட்டத்தில் அதானி குழுமத்துக்கு நூற்றுக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20. கணக்கெடுத்துக் கதவில் எண் எழுத வருகிறவர் யாருடைய ஆள்? செருப்பைக் கழற்றுவதா, கோஷம் போடுவதா என்று முடிவு செய்வதற்குள் எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அந்தத் திட்டத்துக்கென்று 2024இல் ஒதுக்கிய இடங்களில் ஒன்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், குர்லா நேரு நகரில் இருக்கும் மதர் டெய்ரி நிலம். அந்தப் பகுதிக்காரர்கள் பூங்கா வேண்டும் என்று போராடினார்கள். போராட்டம் சர்க்காரை எதிர்த்தா, கம்பெனியை எதிர்த்தா? கேட்டால் "இரண்டும் ஒண்ணுதானே" என்கிறார்கள். அப்பா காலத்தில் இந்தப் பதில் கம்யூனிஸ்டுகளிடம் மட்டும் கிடைத்தது.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலை ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி கேட்க வேண்டும் என்றிருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் முந்நூறு ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்த மசோதாவை, எழுந்த எதிர்ப்பில் மே தினத்தன்று வாபஸ் வாங்கினார்கள். மகாராஷ்டிர அமைச்சரவை 2025இல் கிட்டத்தட்ட அதே பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழி திறந்தது. இங்கே எதிர்ப்பு பேப்பரின் உள்பக்கத்தோடு நின்றது. ஊரிலிருந்து தம்பி போன் பண்ணி, "அங்க ஒண்ணும் ஸ்டிரைக் இல்லியாண்ணே?" என்று கேட்டான். 1982இல் ஸ்டிரைக் பார்த்த ஊர் என்று அவனுக்கு இன்னும் நினைப்பு.

போன மாதம் மாமாவின் பேரன் வந்தான். டெலிவரி பையன். வண்டியை நிறுத்திய கையோடு போனை நீட்டினான்.

"மாமா, ஐடி பிளாக் ஆயிடுச்சு."

"என்னடே தப்பு செஞ்சே?"

"அதான் தெரியலை. போட்டிருக்கிறதைப் பாருங்க."

இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. விதிமீறல் என்று. எந்த விதி என்று இல்லை. உதவிக்கு என்று இருந்த இடத்தில் அவன் ஏற்கெனவே பதினொரு தடவை கும்பிடும் கை பொம்மையோடு 'சார்' என்று எழுதியிருந்தான். பதினொரு தடவையும் ஒரே பதில், எழுத்து மாறாமல். வருகிற வழியில் டிராஃபிக் போலீஸ் ஒருவர் மடக்கினாராம். அவரிடம் கால் மணி நேரம் மராத்தியில் வாதாடி, ஃபைன் கட்டாமல் வந்திருக்கிறான். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ஆபீஸ் எங்க இருக்கு? நேரா போய்க் கேப்போம்" என்றேன். ரொம்ப நேரம் தேடி, ஒரு முகவரி கிடைத்தது. குர்லாவுக்கு அந்தப் பக்கம், ஒரு வணிக வளாகத்தின் பின்புறம். போனோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் ஒரு மேஜை, ஒரு செக்யூரிட்டி, நீல யூனிஃபார்ம், அறுபது வயதிருக்கும். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். தெரியாது, நான் ஏஜென்சி ஆள், திங்கட்கிழமை தோறும் ஒருத்தர் வருவதுண்டு, இந்தத் திங்கள் வரவில்லை என்றார். ஆனாலும் எழுதிவிட்டுப் போங்கள் என்று ரிஜிஸ்டரை நகர்த்தினார்.

பையன் எழுதினான். பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், வந்த நேரம். ஐந்தாவது கட்டத்தின் தலையில் 'யாரைப் பார்க்க' என்று இருந்தது. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் செக்யூரிட்டியைப் பார்த்தேன். அவர் பக்கத்தைத் திருப்பி மேலே எழுதியிருந்தவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று விரலால் ஓட்டிப் பார்த்தார். எல்லோரும் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.